பக்கத்தில் அமர்ந்தவர்கள்

வரலாற்றுச் சான்றுகள் எவை என்று வகுப்பறையில் வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்று மாணவர் வரிசையாக விடை கூறுவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்விடையைக் கேட்டுக் கேட்டு மகிழ்ந்தவன் நான். எனினும், அவ்வரிசையில் இன்னொன்றையும் சேர்த்தல் வேண்டும் என்பது என் கருத்து. அதுதான் இசைத்தட்டு. கல்வெட்டு ஒரு மன்னன் சொல்ல விரும்பியதைச் சொல்கிறது. இசைத்தட்டோ, ஒருநாள் ஓரிடத்தில் கூடியிருந்தோரின் விரலசைவையும் மூச்சையும், அவர் ஒருவரையொருவர் செவிமடுத்த நுட்பத்தையும் அப்படியே காத்து வைக்கிறது.

ஆயினும், கல்வெட்டுக்கு உள்ள குறை இசைத்தட்டுக்கும் உண்டு. பெரிய கோயிலை எடுப்பித்த மன்னனின் பெயர் மெய்க்கீர்த்தியில் நீண்டு செல்கிறது; கல்லைச் செதுக்கிய தச்சனின் பெயரைத் தேடித்தான் காணவேண்டும். அவ்வாறே, இசைத்தட்டின் உறைமீது ஒருவர் பெயர் பெரிய எழுத்தில் மின்னும். உடன் வாசித்தவர் பெயர்கள் பின்புறத்தில் சிற்றெழுத்தில் ஒதுங்கி நிற்கும். சிலவற்றில் அவையும் இரா. இந்த வழக்கத்தை மாற்றிய ஓர் இசைத்தட்டின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அத்தட்டு அமெரிக்காவில் பதிவானது. அதன் தலைவர் ஆங்கிலேயர். ஆயினும், அதன் வேர்களுட் சில நம் வைகைக்கரைச் சீமைக்கு மிக அண்மையில் இருக்கின்றன.

1975ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டுத் தீவிலுள்ள சௌதாம்ப்டன் கல்லூரியில் ஐவர் அமர்ந்து வாசித்தனர். கித்தார் வாசித்தவர் ஜான் மெக்லாலின். வயலின் எல். சங்கர். தபலா ஜாகிர் உசேன். கடம் தே. எச். விநாயக்ராம். மிருதங்கம் இராமநாதபுரம் வே. இராகவன். அவையோர் முன்னிலையில் நிகழ்ந்த அக்கச்சேரி அப்படியே பதிவு செய்யப்பெற்று, 1976ஆம் ஆண்டில் 'சக்தி' என்னும் பெயரால் கொலம்பியா நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்தது. ஐவருள் மூவர் தென்னாட்டுச் சங்கீத மரபில் வளர்ந்தவர்கள். இஃது எவ்வாறு நேர்ந்தது என்று அறிய, நாம் முதலில் அமெரிக்க நாட்டின் பருத்தி வயல்களுக்குச் செல்லவேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள், 1865ஆம் ஆண்டில் சட்டப்படி விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றும் வறுமை நீங்கவில்லை, இழிவும் நீங்கவில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் வயல்வெளிகளில் அவர்கள் தம் துயரையும் நகைப்பையும் பாடிய பாட்டுக்குப் 'புளூஸ்' என்று பெயர். தனியொருவர் கித்தாரை மீட்டிப் பாடும் எளிய இசை அது. பிழைப்புத் தேடி அம்மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கே சிகாகோ முதலிய தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, அந்த இசையும் அவர்களோடு பெயர்ந்தது. 1943ஆம் ஆண்டில் மடி வாட்டர்ஸ் என்னும் பாடகர் மிசிசிப்பியை விட்டுச் சிகாகோ சென்றார். நகரத்து மதுக்கூடங்களின் இரைச்சலில் பழைய மரக் கித்தாரின் ஒலி எழும்பவில்லை. ஆகவே, கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக்கி, ஒலிபெருக்கியின் வழியே முழங்கச் செய்யும் மின்கித்தாரை அவர் கைக்கொண்டார். வாய் ஆர்மோனிகா, பியானோ, முரசு ஆகியவற்றில் வல்லவர்களைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். தனிமனிதர் பாட்டு இவ்வாறு குழுவின் இசையாயிற்று.

புளூஸ் கித்தார்க்காரரின் கைத்திறனில் நாம் உற்று நோக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கித்தாரின் மெட்டுகள் சுரங்களைப் படிப்படியாகப் பிரித்து நிறுத்துகின்றன. மனிதக் குரலோ படிகளில் நில்லாது. வழுக்கிச் செல்லும், குழையும், விம்மும். அந்தக் குரலைக் கம்பியில் எழுப்பவேண்டிக் கலைஞர் கம்பியை விரலால் பக்கவாட்டில் இழுத்து, இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட ஒலியைப் பெறுகின்றனர். ஆல்பர்ட் கிங் என்னும் புளூஸ் மேதை இடக்கைப் பழக்கமுடையவர். வலக்கையாளருக்குரிய கித்தாரையே தலைகீழாகப் பிடித்து, கம்பிகளை இழுத்து இழுத்து அவர் வாசித்தார். நம் வீணை வித்துவான் தந்தியை இழுத்துக் கமகம் எழுப்புவதும் இதே முறைதான். மிசிசிப்பிக்காரர் தஞ்சாவூரைக் கண்டவரல்லர். தஞ்சாவூர்க்காரர் மிசிசிப்பியைக் கண்டவரல்லர். குரலைப் போல் பாடவேண்டும் என்னும் ஒரே வேட்கை இருவரையும் ஒரே வழிக்குக் கொண்டு சேர்த்தது.

அந்த ஆல்பர்ட் கிங் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட நெடுந்தட்டு ஒன்று புளூஸ் வரலாற்றில் பெரும் புகழ் வாய்ந்தது. மெம்பிஸ் நகரில், முன்பு திரையரங்காயிருந்த ஒரு கட்டடத்தில் இயங்கிய ஸ்டாக்ஸ் நிறுவனம் அதனைப் பதிவு செய்தது. அவருக்குத் துணையாக வாசித்த 'புக்கர் டி அண்டு தி எம்ஜீஸ்' குழுவில் கறுப்பர் இருவரும் வெள்ளையர் இருவரும் இருந்தனர். நிறவேற்றுமை வேரோடியிருந்த அந்நகரில், 1968ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். வெளியே சமமாக அமர இயலாத மனிதர்கள், அந்தப் பதிவுக்கூடத்தில் சமமாக அமர்ந்து ஒருவர்க்கொருவர் தாளம் தாங்கினர். துணைவாசிப்பு என்பது இசைக்கலையின் ஓர் உறுப்பு. அத்தோடு, மனிதர் மனிதரை மதிக்கும் முறையுமாகும். இதனை மனத்திற்கொண்டு மெக்லாலினிடம் வருவோம்.

ஜான் மெக்லாலின் 1942ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்சயர் மாநிலத்து டான்காஸ்டர் நகரிற் பிறந்தவர். அவருடைய அன்னையார் வயலின் வாசிப்பவர். பதினொரு வயதளவில் கித்தார் அவர் கைக்கு வந்தது. மடி வாட்டர்ஸ் முதலியோரின் புளூஸ் இசைத்தட்டுகளே அவருக்கு முதல் ஆசான்கள். இலண்டனில் பல குழுக்களில் வாசித்துப் பெயர் பெற்றபின், 1969ஆம் ஆண்டில் நியூயார்க் சென்றார். அங்கு ஜாஸ் இசையின் பெருந்தலைவர் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தம் பதிவுகளில் துணையாக வாசிக்க அழைத்தார். நாளை தலைவராகப் போகிறவர், அன்று பக்கத்தில் அமர்ந்தவராகவே தொடங்கினார் என்பதை மறவாதீர்கள்.

1971ஆம் ஆண்டில் அவர் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் குழுவை அமைத்தார். அவர் அப்போது சின்மோய் என்னும் வங்கத் துறவியின் சீடர். அத்துறவி அவருக்கிட்ட பெயரே குழுவின் பெயராயிற்று. இரட்டைக் கழுத்துடைய மின்கித்தாரை ஏந்தி, மின்னல் வேகத்தில் அவர் வாசித்தார். மின்வயலினும் முரசுகளும் உடன் முழங்கின. காது செவிடுபடும் ஒலி என்று கேட்டோர் கூறினர். ஆயினும் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தனர். புகழ் உச்சியில் நின்ற அக்குழுவில், தோழர்கள் தம் படைப்புகளுக்கும் இடம் வேண்டினர், மனத்தாங்கல் வளர்ந்தது, 1973ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் முதற்குழு கலைந்தது. மிகச் சிறந்த துணைவர்கள் கிடைத்தல் ஒன்று; அவர்களுக்கு உரிய இடத்தை அளித்தல் வேறொன்று. இவ்வுண்மையை அந்நிகழ்ச்சி நமக்குப் புலப்படுத்துகிறது.

அந்த ஆண்டுகளிலேயே அவருடைய வாழ்வில் வேறொரு நீரோட்டமும் பாய்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. 1960களிலிருந்து நம் கருநாடக இசைக்கு அது கடல்கடந்த தாய்வீடாக விளங்கியது. நாட்டியப் பேரரசி பாலசரசுவதியும், அவருடைய உடன்பிறந்தார் ரங்கநாதன், விசுவநாதன் ஆகியோரும் அங்குப் பயிற்றியவர்கள். வாய்ப்பாட்டு மேதை இராமநாதபுரம் கிருஷ்ணன் அங்கே கற்பித்தார். அவருடைய தம்பி இராகவன் 1970களின் தொடக்கத்தில் அங்கே மிருதங்க ஆசிரியராயிருந்தார். இசைப்பேரறிஞர் டாக்டர் எஸ். இராமநாதனும் அங்கிருந்தார். அவரிடம் மெக்லாலின் வீணை பயின்றார்.

டாக்டர் இராமநாதன் நம் மதுரைக்கு அயலானவர் அல்லர். மதுரைச் சத்குரு சங்கீத வித்தியாலயத்தின் முதல்வராகப் பணியாற்றிய பெருமகனார் அவர். சிலப்பதிகாரத்தில் அமைந்துள்ள இசையை ஆராய்ந்து, 1974ஆம் ஆண்டில் அதே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாராய்ச்சியைப் பின்னர் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. மாதவியின் அரங்கேற்றத்தைப் பற்றி எழுதிய கையே, மின்கித்தார் வீரர் ஒருவருக்கு வீணையில் விரல் வைக்கும் முறையைக் கற்பித்தது என்று எண்ணும்போது, எனக்கு வியப்பும் பெருமிதமும் ஒருங்கே தோன்றுகின்றன.

வீணைப் பயிற்சி மெக்லாலினை வீணைக்காரர் ஆக்கவில்லை. தம் கித்தாரையே அவர் மாற்றியமைக்கத் தூண்டியது. வீணையில் 24 மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்கின்றன. ஆதலால் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் இடம் கிடைக்கிறது. கித்தாரிலோ மெட்டுகளுக்கிடையே மரப்பலகை குறுக்கிடுகிறது. ஆகவே, மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய கித்தாரை அவர் கிப்சன் நிறுவனத்தின் கைவினைஞரைக் கொண்டு செய்வித்தார். முதன்மைக் கம்பிகளின் கீழே குறுக்காக ஏழு சுருதிக் கம்பிகளும் கட்டப்பெற்றன. கடைச்சரக்காகக் கிடைத்த கருவி போதாதபோது, கருவியையே தம் தேவைக்கு வளைத்தார். சிறுவயதில் புளூஸ் இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகிய இழுப்பு, இப்போது கமகமாக முதிர்ந்தது.

இனி அவரோடு அமர்ந்த நால்வரையும் அறிதல் வேண்டும். வயலின் சங்கர், வித்துவான் வே. லட்சுமிநாராயணரின் மைந்தர். தந்தையார் யாழ்ப்பாணத்தில் இசை பயிற்றியமையால், மைந்தரின் இளமை அவ்வூரிற் கழிந்தது. 1958ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த இனக்கலவரத்தினால் அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற சங்கர், வெஸ்லியனில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் பெற்றார். தபலா ஜாகிர் உசேன், மேதை அல்லா ரக்காவின் மைந்தர். தந்தையார் ரவிசங்கரின் சிதாருக்குத் துணையாக உலகமெலாம் வாசித்தவர். ஆகவே, துணைவாசிப்பின் இலக்கணம் மைந்தருக்குக் குடும்பச் சொத்து. மிருதங்கம் இராகவனைப் பற்றி முன்னரே கூறினேன். இராமநாதபுரம் என்று அவர் தம் பெயருக்குமுன் தாங்கிய ஊர், நான் வாழும் அவனியாபுரத்திலிருந்து பேருந்தில் சில மணி நேரத் தொலைவே.

கடம் விநாயக்ராம் 1942ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஹரிஹர சர்மா, தாளவாத்தியங்களுக்கென்றே சென்னையில் ஒரு பள்ளியை நடத்தியவர். 1966ஆம் ஆண்டு அக்டோபரில், நம் மதுரை ஈன்ற மாதரசி எம். எஸ். சுப்புலட்சுமி நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினாரல்லவா? உலக நாடுகளின் தூதர்கள் கூடியிருந்த அம்மண்டபத்தில், அவருக்குப் பின்னால் கடம் வாசித்தவர் அப்போது 24 வயதே நிரம்பியிருந்த இந்த விநாயக்ராமே. அந்தக் கச்சேரியைப் பற்றிய கட்டுரைகள் நம் பாடநூல்களில் வந்திருக்கின்றன. கடம் வாசித்தவர் யார் என்ற வினாவை எந்த வினாத்தாளிலும் நான் கண்டதில்லை.

கடம் என்பது ஒரு மட்பானைதானே என்று சிலர் எண்ணக்கூடும். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், வைகைக்கரையில் மானாமதுரை இருக்கிறது. அவ்வூர் வேளார் குடும்பத்தினர் செய்யும் கடத்திற்கு இசையுலகில் தனிமதிப்பு உண்டு. தேர்ந்த மண்ணைக் கலந்து, மிதித்துப் பிசைந்து, திரிகையில் வனைந்து, ஈரம் சுண்டும்வரை உள்ளே கல்லையும் வெளியே மரத்தட்டையும் வைத்துத் தட்டித் தட்டிச் சுவரைக் கனமாக்குகின்றனர். பின்னர்ச் சூளையில் வேகவைக்கின்றனர். வெந்து வெளிவந்தபின் அதன் சுருதியைப் பெரிதும் மாற்ற இயலாது. வீணையைப் போல முறுக்காணி அதற்கில்லை. ஆகையால், வேண்டிய சுருதிக்கு வேண்டிய கடத்தை வனைபவரே தம் கைக்கணக்கால் ஆக்கவேண்டும். மானாமதுரை மட்பாண்டங்களுக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மண் பிசைந்த கைகளுக்கு நாடு அளித்த காலந்தாழ்ந்த மரியாதை என்றே அதனை நான் கருதுகிறேன்.

நம் கச்சேரி மேடையை நினைத்துப் பாருங்கள். பாடகர் நடுவில் அமர்கிறார். அவருக்கு இருபுறமும் வயலினும் மிருதங்கமும். 'பக்கவாத்தியம்' என்னும் சொல்லே எத்துணை அழகியது! பக்கத்தில் அமர்வதால் பக்கவாத்தியம். துணைவர் நம் பின்னால் வருபவர் அல்லர்; நம் அருகே இருப்பவர் என்று அச்சொல் கூறுகிறது. எனினும், கடமும் கஞ்சிராவும் 'உபபக்கவாத்தியம்' எனப்பட்டு இரண்டாம் வரிசைக்குச் சென்றன. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்டுக்கொடுக்கும் நேரமே கடத்தின் நேரம். கச்சேரிக்குக் கடம் வேண்டுமா, வேண்டாமா என்பதும் பிறர் முடிவு செய்வதாகவே இருந்தது. சொல் பக்கத்தில் அமர்த்தியவரை வழக்கம் பின்னால் தள்ளிவிட்டது.

சக்திக் குழுவின் மேடையில் எல்லோரும் ஒரே விரிப்பின்மேல் சப்பணமிட்டு அமர்ந்தனர். கடமும் முன்வரிசைக்கு வந்தது. இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. மின்கித்தாரின் முழக்கத்துக்கு முன்னே மட்பானையின் குரல் எடுபடாது. மெக்லாலின் தம் கருவியை அதே வலிமையோடு முழக்கியிருந்தால், விநாயக்ராமின் விரல்கள் அசைவதை அவையோர் கண்டிருப்பர். அவற்றின் ஒலியைக் கேட்டிரார். ஆகவே, உலகப்புகழ் ஈட்டித் தந்த மின்கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, மரக் கித்தாரைக் கையிலெடுத்தார். தாம் முழங்குவதினும் பிறர் கேட்கப்படுவது பெரிது என்று ஒரு தலைவர் முடிவு செய்த நேரம் அது. இத்தட்டின் வரலாற்றில் நான் மிகப் பெரிதாக மதிப்பது இதனையே.

தட்டின் பெயரிலும் இம்மனநிலை புலனாகிறது. இன்னார் கச்சேரி, உடன் இன்னார் என்று போடுவதே உலக வழக்கு. இத்தட்டின் உறையிலோ 'சக்தி, உடன் ஜான் மெக்லாலின்' என்று அச்சிட்டிருந்தனர். குழுவின் பெயர் முதலில் நிற்கிறது. புகழ்மிக்கவர் 'உடன்' என்னும் சொல்லுக்குப் பின்னே நிற்கிறார். இயற்றியவர் பெயர்களிலும் சங்கரின் பெயர் மெக்லாலினின் பெயரோடு இணைந்து வருகிறது. முந்தைய குழு எதனாற் கலைந்ததோ, அதனையே இப்போது நேர்செய்ய முயன்றார் என்று நாம் கொள்ளலாம்.

தட்டில் மூன்றே உருப்படிகள் உள்ளன. முதலாவது 'மகிழ்ச்சி' என்னும் பொருளுடைய பெயர் கொண்டது. ஏறத்தாழ 18 நிமிடம் நீள்கிறது. கித்தாரும் வயலினும் ஒரே குரலாக, நம்பவொண்ணா விரைவில் பாய்ந்து செல்கின்றன. அடுத்தது 'தாமரைத் திருவடி'. ஐந்து நிமிடத்திற்கும் குறைவானது, அமைதியானது, அடைமழை ஓய்ந்தபின் கேட்கும் இலைத்துளி போன்றது. மூன்றாவது ஏறத்தாழ 29 நிமிடம் ஓடுகிறது. அதில் வடநாட்டுத் தபலாவும் தென்னாட்டு மிருதங்கமும் கடமும் உரையாடுகின்றன. இருவேறு மரபுகளின் தாளச்சொற்கள் வேறு, விரலமைப்பு வேறு, கணக்கு ஒன்றே. கணக்கில் இசைந்தவர் மொழியில் மயங்குவதில்லை. முகலாயர் காலந்தொட்டுத் தனித்தனி வழியில் வளர்ந்துவந்த வடக்கும் தெற்கும், ஓர் ஆங்கிலேயரின் கித்தாரை நடுவே வைத்துக்கொண்டு அமெரிக்க மண்ணிற் கைகோத்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், விடுதித் தோழர் ஒருவர் வைத்திருந்த ஒலிநாடாவில் இதனை முதன்முதல் கேட்டேன். கருநாடக இசையில் ஊறிய என் செவிக்கு இராகத்தின் எல்லைகள் சில இடங்களில் மீறப்படுவதாகத் தோன்றியது. இவ்வையம் எனக்கு மட்டும் உரியதன்று. இன்றும் இசையன்பர் பலர் இதனை எழுப்புகின்றனர். இது நம் இசையைக் கலப்படம் செய்ததாகாதா என்பது அவர்தம் கேள்வி. மதிக்கத்தக்க கேள்விதான். இதற்கு விடை காண, வயலின் எங்கிருந்து வந்தது என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அது மேனாட்டுக் கருவி. பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலும் அதனை நம் இசைக்கு ஆக்கித் தந்தனர். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நம்மால் எண்ணவும் இயலவில்லை. வந்த கருவியை நம் முறைக்குப் பழக்கினோம். நம் இசை குறைந்துவிடவில்லை. மெக்லாலினும் தம் கருவியை அவ்வாறு பழக்க முயன்றவரே. அவர் இயற்றியது நம் சங்கீதம் ஆகாது; அவ்வாறு அவர் உரிமை கொண்டாடவும் இல்லை. அதனை அண்டை வீட்டாரின் அன்பு என்று கொள்வோம்.

அன்றைய வாணிகச் சந்தையில் இத்தட்டு, மின்னிசைத் தட்டுகள் பெற்ற விற்பனையைப் பெறவில்லை. முழக்கத்தை நாடியவர்களுக்கு இந்த அமைதி ஏமாற்றத்தை அளித்தது. இராகவன் குழுவை விட்டு நீங்கினார். எஞ்சிய நால்வரும் 1976இலும் 1977இலும் மேலும் இரண்டு தட்டுகளைப் பதிவு செய்தனர். அவற்றுள் முந்தியது, ஜாகிரும் விநாயக்ராமும் சொல்லும் கொன்னக்கோல் சொற்கட்டுகளோடு தொடங்குகிறது. தாளக்காரரின் வாய்ச்சொல்லையே ஒரு தட்டின் வாயிற்படியாக வைத்த துணிவு போற்றத்தக்கது. 1978ஆம் ஆண்டளவில் குழு கலைந்தது.

ஆயினும், விதைத்தது வீண்போகவில்லை. இராகவன் அமெரிக்காவிலேயே தங்கிப் பலருக்கு மிருதங்கம் கற்பித்தார். 1978ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரில் தொடங்கிய தியாகராசர் ஆராதனை விழாவுக்கு ஊக்கம் தந்தவர்களுள் அவரும் ஒருவர். விநாயக்ராமும் ஜாகிரும் பங்குகொண்ட, உலகத் தாளக்கருவிகளின் தொகுப்பான 'பிளானட் டிரம்' என்னும் இசைத்தட்டு 1992ஆம் ஆண்டில் கிராமி விருது பெற்றது. 2002ஆம் ஆண்டில் விநாயக்ராமுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 1997ஆம் ஆண்டில் குழு மீண்டும் உயிர்பெற்றது. மின்மாண்டலினில் கருநாடக இசையைக் கமகம் குன்றாமல் வாசித்த உ. சீனிவாஸ் அதிற் சேர்ந்தார். 2014ஆம் ஆண்டில், 45 வயதிலேயே அவர் மறைந்தது நம் தீயூழ். விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷ் தந்தையின் இடத்தில் கஞ்சிராவோடு அமர்ந்தார். பாடகர் சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் இராஜகோபாலன் ஆகியோரும் கூடிய புதிய சக்திக் குழுவின் தட்டு, 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிராமி விருதைப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் மறைந்தார். பின்வரிசையில் இருந்த கடமும் கஞ்சிராவும் உலக மேடையின் முன்வரிசைக்கு வந்துசேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

இத்தகைய மதிப்பு நமக்குப் புதிதா? டாக்டர் இராமநாதன் ஆராய்ந்த சிலப்பதிகாரத்தையே மீண்டும் திறந்து பாருங்கள். அரங்கேற்று காதையில் மேடை ஏறுபவள் மாதவி ஒருத்தியே. அவள் ஆடுமுன் இளங்கோவடிகள் என்ன செய்கிறார்? ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரையும் நிறுத்தி, அவரவர்க்கு வேண்டிய தகுதியை விரித்துரைக்கிறார். தண்ணுமை கொட்டுபவன் பிற கருவிகளின் குறையை நிரப்பவும், மிகையை அடக்கவும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவர் வகுக்கும் இலக்கணத்தின் கருத்து. துணைவாசிப்பின் உயிர்நிலையை இதனினும் தெளிவாக எவரும் கூறியதில்லை. ஆடுபவளின் புகழ், உடன் இருப்போரின் தகுதியால் தாங்கப்படுகிறது என்பதை நம் முன்னோர் காப்பியத்திலேயே பதிவு செய்தனர். பிற்காலத்து நாம்தான் அதனை மறந்தோம்.

இன்று இசை நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. விரலைத் தொட்டால் பாட்டு ஒலிக்கிறது. திரையில் ஒருவர் பெயரும் ஒரு படமும் தோன்றுகின்றன. பழைய தட்டின் உறையிற் சிற்றெழுத்திலாவது இருந்த வயலின்காரர், மிருதங்கக்காரர், கடக்காரர் பெயர்கள் பல இடங்களில் காணாமற் போகின்றன. இவ்வாறு பெயரழிந்தால், ஐம்பதாண்டுகளுக்குப் பின் வரலாறு எழுதுபவன் எதனைக் கொண்டு எழுதுவான்? ஒருவர் மட்டுமே பாடினார், ஒருவர் மட்டுமே ஆக்கினார் என்ற பொய் வரலாறாகிவிடும்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான் இடும் வீட்டுப்பாடம் எளியது. உங்கள் ஊர்த் திருவிழாவில் நாதசுரம் ஒலிக்கும்போது அருகே செல்லுங்கள். தவில் வாசிப்பவர் யார், தாளம் போடுபவர் யார், சுருதி பிடிப்பவர் யார், அவர்தம் ஊர் எது, ஆசிரியர் எவர் என்று மரியாதையோடு வினவிக் குறிப்பேட்டில் நாளிட்டு எழுதி வையுங்கள். வினவப்பட்டவரின் முகம் மலர்வதைக் காண்பீர்கள். அக்குறிப்பேட்டை எறிந்துவிடாதீர்கள். நாளைய வரலாற்று ஆசிரியன் தேடி வரும் செப்பேடு அதுவாகவும் இருக்கலாம்.